டிக்கிக்குள் கிடக்கும் மெலிந்த ஸ்டெப்னி: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கினால், மற்ற நான்கு சக்கரங்களோடு சேராத ஒல்லியான இரும்பு ரிம் ஒன்றும் அதன்மேல் ‘80’ என்று வேக வரம்பு எழுதிய ஸ்டிக்கரும் தெரிகிறதா? அதுதான் தற்காலிக ஸ்டெப்னி. காசை மிச்சப்படுத்தக் கம்பெனிக்காரன் தலையில் கட்டியது என்று பலர் இதைத் திட்டுகிறார்கள். பாதிதான் நியாயம். குழியில் விழுந்து அலாய் (அலுமினியக் கலவை ரிம்) வளைந்தாலோ டயரின் பக்கச்சுவர் வெடித்தாலோ, காரை நம் கையாலேயே ஊர் சேர்க்க இது போதும். காற்றழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் மட்டும் இதைவிட ஆபத்தான சக்கரம் இல்லை.

ஸ்டெப்னி என்ற பெயரே வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். 1904-இல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் உருவாக்கிய சக்கரத்துக்கு ஆரக்கால்களே கிடையாது. காற்றடித்த டயரோடு கூடிய வெறும் வளையம். பஞ்சரான சக்கரத்தின் மேல் அதைக் கவ்வ வைத்து ஓட்டினார்கள். பிறந்ததே தற்காலிகமாகத்தான்.

இந்தியாவில் 2020 அக்டோபர் முதல், டயர் அழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருக்கும் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆனால் கிட்டில் உள்ள பசை, ஆணி குத்திய ஓட்டைக்குத்தான். ரிம் வளைந்து விளிம்பில் காற்று கசிந்தாலோ பக்கச்சுவர் கிழிந்தாலோ பாட்டில் முழுக்க ஊற்றினாலும் பயனில்லை. நம் ஊர்க் குழிகளுக்கு, கிட்டா மெலிந்த ஸ்டெப்னியா என்றால், தயங்காமல் ஸ்டெப்னி.

இனி காற்று. டயர் அளவு ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அதற்கு 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வேண்டும். 125 மி.மீ. அகல டயருக்குள் கொள்ளும் காற்று குறைவு. அதே எடையைத் தாங்க அழுத்தத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். மற்ற டயர்களுக்கு வைக்கும் 33-இல் ஓட்டினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழியும். இங்கே நடக்கும் தவறு இரண்டு. மாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாக இறங்குவதால், இரண்டு வருடம் தொடாத ஸ்டெப்னி பாதிக் காற்றோடு கிடக்கும். இரண்டாவது, பெட்ரோல் பங்க்கில் மற்ற டயர்களுக்கு வைத்த 33-லேயே மெஷினை விட்டு இதையும் பிடித்தால், இருக்கிற காற்றையும் அது இறக்கிவிடும். “இதுக்கு மட்டும் அறுபது வைங்க” என்று பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். ‘டி’ இல்லாமல், 17 அங்குல அலாய்க்குத் துணையாக 16 அங்குல சாதாரண டயர் தந்திருந்தால் 60 அடிக்கக் கூடாது. காரின் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான்.

எங்கே மாட்டுவது? நம் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. 205/55 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 632 மி.மீ.; 125/80 அளவுள்ள 16 அங்குல ஸ்டெப்னிக்கு 606. கிலோமீட்டருக்கு 21 சுற்று கூடுதலாகச் சுற்றும். முன்னால் மாட்டினால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் வேலை செய்யும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், பிரேக்கும் பலமிழக்கும். அதனால் முன்டயர் போனால் இரண்டு முறை ஜாக்கி போடுங்கள்: நல்ல பின்சக்கரத்தைக் கழற்றி அங்கே ஸ்டெப்னி, கழற்றிய நல்ல சக்கரம் முன்னால். இருட்டில், லாரி ஓடும் சாலை ஓரத்தில் இதைச் செய்ய வேண்டாம். இருக்கிற இடத்தில் மாட்டி, மெல்ல உருட்டிப் பாதுகாப்பான இடத்துக்குப் போய் மாற்றலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம். பின்சக்கர இழுவைக் காரில் பின்னால் போடாதீர்கள். நான்கு சக்கர இழுவைக்கு கையேடு சொல்வதே முடிவு.

பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் பிடிப்பது தரையில் மிஞ்சும் ஒரு பின்சக்கரத்தை மட்டும்தான். கியரில் போட்டு, முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். தூக்கும் முன்பே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத் தகட்டுக்கு அடியில் படுக்க வைத்தால், ஜாக்கி சரிந்தாலும் கார் அதன்மேல்தான் இறங்கும். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பல கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர், 25 செ.மீ. ஸ்பேனர் நுனியில் ஏறக்குறைய 45 கிலோ விசை. ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்தால் ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) இழுபட்டுவிடும். 50 கி.மீ. ஓடியதும் திரும்ப இறுக்கிப் பாருங்கள். சில ஐரோப்பியக் கார்களில் அலாய்க்கும் இரும்பு ரிம்முக்கும் போல்ட் நீளம் வேறு. வீட்டிலேயே பார்த்து வைப்பது நல்லது. லாக் நட் (திருட்டைத் தடுக்கும் தனி நட்டு) சாவியும் அப்படித்தான், அது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் வீண்.

மணிக்கு 80 கி.மீ.-க்கு மேல் போகாதீர்கள். மழையில் 60 போதும். பிரேக் தூரம் நீளும், அந்த மூலை சுமார் 13 மி.மீ. தாழ்ந்து நிற்கும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கோ டயர் அழுத்த விளக்கோ எரிந்தால் இந்தச் சக்கரமே காரணமாக இருக்கலாம். சரியான சக்கரம் மாட்டியும் அணையாவிட்டால் சர்வீஸில் காட்டுங்கள். வேகத்தைத் தானாக நிலைநிறுத்தும் க்ரூஸ் கண்ட்ரோல் வேண்டாம். ஒரே நேரத்தில் இப்படி ஒரு சக்கரம்தான் இருக்கலாம். குழியில் விழுந்த காரில் டை ராடு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), லோயர் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை), அலைன்மென்ட் மூன்றையும் பாருங்கள். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைக்கச் சொல்லும் கடையில் நிற்காதீர்கள்.

பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பத்து வருடம் கடந்தால், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாததாக இருந்தாலும் மாற்றுங்கள். ஊருக்குள்ளும் பக்கத்து ஊருக்கும் ஓடும் காருக்கு இது தாராளம். பஞ்சர் கடை இல்லாத நீண்ட வழியில் குடும்பத்தோடு இரவில் போகிறவர்கள் முழு அளவு இரும்பு ரிம் வாங்குவது மேல். வாங்கும் முன் டிக்கிப் பள்ளத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள். மெலிந்த டயருக்காகச் செய்த பள்ளத்தில் 205 அகல டயர் அடங்காமல் தரைப் பலகை தூக்கி நிற்கும்.