நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் தளத்தின் பறவைக் காய்ச்சல் பக்கங்கள்: ஒரு மதிப்பீடு

பறவைக் காய்ச்சல் பற்றிய செய்திகள் பெரும்பாலும் எண்ணிக்கைகளாகவே நம்மை வந்தடைகின்றன. எத்தனை கோழிகள் அழிக்கப்பட்டன, எத்தனை பேருக்குத் தொற்று ஏற்பட்டது, எத்தனை பேர் இறந்தனர் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த வைரஸ் எந்தப் பறவையிடமிருந்து வந்தது, வரும் வழியில் என்ன மாறியது, மனிதருக்கு வந்த பிறகு இன்னொரு மனிதருக்குப் போனதா, அல்லது ஒவ்வொரு முறையும் பறவையிடமிருந்தே புதிதாக வந்ததா என்னும் கேள்விகளுக்கு அந்த எண்களில் விடை இல்லை. அவ்விடையைத் தேடுவோர் கட்டணமும் பதிவும் இன்றிப் பயன்படுத்தக்கூடிய, நோய்க்கிருமிகளின் மரபணு வரிசைகளை மரமாக வரைந்து காட்டும் இணையச் சேவையாக நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் இருக்கிறது. சியாட்டிலின் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தைச் சேர்ந்த டிரெவர் பெட்ஃபோர்டும் பாசல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் நேஹரும் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸ்களுக்காக 2015இல் தொடங்கிய முயற்சியே பின்னர் பல நோய்க்கிருமிகளுக்கும் விரிந்து, 2017இல் திறந்த அறிவியலுக்கான பன்னாட்டுப் பரிசைப் பெற்றது. பறவைக் காய்ச்சலுக்கான பக்கங்களைப் பராமரிப்பவர்களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லூயிஸ் மோங்க்லா முக்கியமானவர்.

பக்கத்தைத் திறந்தவுடன் ஒரு வம்சாவளி மரம், உலக வரைபடம், கீழே மரபணுவின் எந்த இடங்களில் மாற்றங்கள் மிகுந்துள்ளன என்று காட்டும் ஒரு பட்டை ஆகிய மூன்றும் தெரியும். மரத்தின் ஒவ்வொரு நுனியும் உண்மையான ஒரு விலங்கிடமிருந்தோ மனிதரிடமிருந்தோ எடுக்கப்பட்டு மரபணு வரிசை கண்டறியப்பட்ட ஒரு மாதிரியைக் குறிக்கிறது. இடமிருந்து வலமாகக் காலம் செல்கிறது. எச்5என்1, எச்7என்9, எச்9என்2 முதலிய வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நுனிகளை நாடு, ஆண்டு, நோயுற்ற உயிரினம் எனப் பல அடிப்படைகளில் வண்ணமிட்டுப் பார்க்கலாம். இவற்றில் உயிரினத்தின்படி வண்ணமிடுவதே முதலில் செய்ய வேண்டியது என்பது என் கருத்து. வாத்து, கோழி, பசு, மனிதர் எனப் பிரித்துப் பார்க்கும்போதுதான் மரம் பேசத் தொடங்குகிறது.

இச்சேவையின் மிகச் சிறந்த அம்சம் மரபணுத் துண்டுகளைத் தனித்தனியாகப் பார்க்க விடுவது. இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 13,500 எழுத்துகள் கொண்டது. அது ஒரே இழையாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரே பறவையின் ஒரே செல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வைரஸ்கள் நுழைந்துவிட்டால், வெளிவரும் புதிய வைரஸ்கள் ஒன்றிடமிருந்து சில துண்டுகளையும் மற்றொன்றிடமிருந்து சில துண்டுகளையும் எடுத்துக்கொண்டு வெளிவரக்கூடும். புதிய பறவைக் காய்ச்சல் வைரஸ் உருவாகும் முதன்மையான வழிகளில் இது ஒன்று. இதைப் பாடநூலில் படிப்பது வேறு, இத்தளத்தில் எச்ஏ என்னும் துண்டின் (வைரஸின் மேற்பரப்புப் புரதம் ஒன்றுக்கானது) மரத்தை இடப்புறமும் பிபி2 என்னும் துண்டின் (வைரஸைப் படியெடுக்கும் நொதியின் ஒரு பகுதிக்கானது) மரத்தை வலப்புறமும் வைத்து, ஒரே மாதிரியின் இரு நுனிகளையும் இணைக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு செல்வதைக் காண்பது வேறு. கோடுகள் இணையாகச் சென்றால் அவ்விரு துண்டுகளும் சேர்ந்தே பயணித்திருக்கின்றன என்று பொருள். ஒரு கொத்துக் கோடுகள் குறுக்கே பாய்ந்தால் அங்கே எங்கோ துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன.

ஹாங்காங்கில் 1997இல் நடந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்ப்பது பயன் தரும். அவ்வாண்டு மே மாதம் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவனிடமிருந்து எடுக்கப்பட்ட வைரஸ் எச்5என்1 என்று ஆகஸ்டில் அடையாளம் காணப்பட்டது. ஆண்டின் இறுதியில் மேலும் 17 பேருக்குத் தொற்று ஏற்பட, மொத்தம் 18 பேரில் ஆறு பேர் இறந்தனர். உயிருள்ள கோழிகளை விற்கும் சந்தைகளே அத்தொற்றின் ஊற்றாக இருந்தன. டிசம்பர் 29 அன்று தொடங்கி நகரின் கோழிகள் அனைத்தும், பத்து இலட்சத்துக்கும் மேல், அழிக்கப்பட்ட பிறகு மனிதத் தொற்று நின்றது. அந்த வைரஸின் எச்ஏ துண்டு, 1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு வாத்தினத்துப் பறவையில், அதாவது பெருவாத்தில், கண்டறியப்பட்ட வைரஸின் வழி வந்தது. உள் துண்டுகளோ, அதாவது வைரஸின் உட்புறப் புரதங்களுக்கான துண்டுகளோ, அதே காலத்தில் காடையில் காணப்பட்ட எச்9என்2 வைரஸையும் சிறு நீர்வாத்தில் காணப்பட்ட எச்6என்1 வைரஸையும் நெருக்கமாக ஒத்திருந்தன. நீர்ப்பறவையும் காடையும் கோழியும் கூண்டுகள் நெருங்க அடுக்கப்படும் சந்தை இத்தகைய கலப்புக்கு எவ்வளவு ஏற்ற இடம் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. இன்று ஐந்து கண்டங்களுக்கும் அப்பால், தெற்கு ஜார்ஜியா தீவின் கடற்பறவைகள் வரை சென்றுவிட்ட எச்5 வைரஸ்களின் 2.3.4.4பி என்னும் பிரிவும் அதே குவாங்டாங் வழிமுறையில் வந்ததுதான்.

இரண்டாவது சிறப்பு, எச்ஏ புரதத்தின் வெட்டுப் பகுதியைக் கொண்டு வண்ணமிடும் வசதி. இந்தப் புரதம் இரண்டாக வெட்டப்பட்டால்தான் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியும். காட்டு வாத்துகளில் சாதாரணமாகக் காணப்படும் வைரஸ்களை வெட்டக்கூடிய நொதிகள் குடலிலும் சுவாசப் பாதையிலும் மட்டுமே இருப்பதால், அந்த வாத்து நோயின்றி நீரில் வைரஸைக் கழித்துக்கொண்டே பறக்கிறது. எச்5, எச்7 வகைகள் கோழிப் பண்ணைக்குள் வந்து சுற்றும்போது, அந்த வெட்டுப் பகுதியில் காரத்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள் வரிசையாகச் சேர்ந்துவிடுவதுண்டு. பின்னர் உடலெங்கும் உள்ள ஃபியூரின் என்னும் நொதியே அதை வெட்டிவிடுவதால் கோழியின் எல்லா உறுப்புகளும் தாக்கப்பட்டு, கூட்டமாகச் சாவு ஏற்படுகிறது.

கோழிக்குக் கொடியதாவதும் மனிதருக்குத் தொற்றுவதும் ஒன்றல்ல என்பதை எச்7என்9 பக்கம் உணர்த்துகிறது. 2013 மார்ச் 31 அன்று சீனா அறிவித்த அந்த வைரஸ் கோழிகளில் ஏறத்தாழ எந்த அறிகுறியையும் காட்டவில்லை. ஆகவே கோழிகள் சாவதைக் கொண்டு முன்கூட்டியே அறியும் வழி மூடிப்போய், மனிதர்கள் நோயுற்ற பிறகே சந்தைகளில் வைரஸைத் தேட வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 1,568 பேருக்குத் தொற்று உறுதியாகி 616 பேர் இறந்தனர். 2017இல் சீனா கோழிகளுக்கு எச்5, எச்7 இரண்டுக்கும் எதிரான தடுப்பூசியைப் பரவலாகப் போடத் தொடங்கிய பிறகு மனிதத் தொற்று மிக வேகமாகக் குறைந்தது.

ஆனால் இந்தச் சேவையை நான் பரிந்துரைப்பதற்கான முதன்மைக் காரணம் வேறு. எச்5என்1 மரத்தில் மனிதருக்குரிய வண்ணத்தை மட்டும் தேடிப் பாருங்கள். அந்த நுனிகள் ஓரிடத்தில் கொத்தாக இல்லாமல், பறவைகளின் கிளைகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். அந்த ஒற்றை நுனியிலிருந்து மேலும் மனித நுனிகள் பெரும்பாலும் கிளைப்பதில்லை. பறவையிடமிருந்து மனிதருக்கு வந்த வைரஸ் அங்கேயே முடிந்துபோனது என்பதும், அடுத்த மனிதருக்கு அது வேறொரு பறவையிடமிருந்து புதிதாக வந்தது என்பதும் இதன் பொருள். பெருந்தொற்று என்றாவது தொடங்கினால் இந்த வடிவம் மாறி, மனித வண்ண நுனி ஒன்றிலிருந்து மனித வண்ணக் கிளைகள் விரிந்துகொண்டே போகும். அச்சமூட்டும் தலைப்புகளையும் அலட்சியமான மறுப்புகளையும் ஒருங்கே சோதித்துப் பார்க்கப் பொதுமக்கள் கையில் உள்ள மிக நேர்மையான கருவி இந்த வடிவமே என்று நான் கருதுகிறேன்.

வைரஸ் மனிதரிடையே பரவுவதற்கான தடை எங்கே இருக்கிறது என்பதையும் ஓரளவு இங்கேயே காணலாம். பறவை வைரஸின் எச்ஏ புரதம், செல்லின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட விதமாக இணைந்த சியாலிக் அமிலத்தைத் தன் ஏற்பியாகப் பற்றிக்கொள்ளப் பழகியது. மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இருப்பது வேறு விதமாக இணைந்தது. பறவை வகை ஏற்பிகள் நுரையீரலின் ஆழத்திலும் கண்ணின் மேற்படலத்திலும் இருக்கின்றன. நோய் கடுமையாக இருந்தும் இருமலின் வழி எளிதில் பரவாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது தடை செல்லுக்குள் இருக்கிறது. பறவையின் செல்லில் நன்றாகப் படியெடுக்கும் வைரஸ் நொதி, பாலூட்டியின் செல்லில் திணறுகிறது. பிபி2 புரதத்தின் 627ஆம் இடத்தில் குளுட்டமிக் அமிலம் போய் லைசின் வந்தால் அத்திணறல் குறைகிறது. தளத்தில் பிபி2 மரத்தைத் திறந்து, மரபணு இடம் 627 என்று கொடுத்து வண்ணமிட்டால், பாலூட்டிகளின் நுனிகளில் அந்த மாற்றம் தனித்தனியாகத் திரும்பத் திரும்பத் தோன்றியிருப்பது தெரியும். தென் அமெரிக்கக் கடற்கரையில் 2022, 2023ஆம் ஆண்டுகளில் கடற்சிங்கங்களையும் யானைச் சீல்களையும் கொன்ற வைரஸ்களோ இதற்கு மாறாக, 591, 701 ஆகிய இடங்களில் மாறியவையாய் ஒரே கொத்தாக நிற்கின்றன. அங்கே பாலூட்டியிடமிருந்து பாலூட்டிக்குப் பரவல் நடந்திருக்கிறது என்ற முடிவுக்கு இக்கொத்து வலுவான ஆதாரம்.

அமெரிக்கப் பசுக்களுக்கென அமைத்த தனிப்பக்கம் இத்தளத்தின் உழைப்பைக் காட்டும் சிறந்த எடுத்துக்காட்டு. 2024 மார்ச் 25 அன்று டெக்சாஸ், கன்சாஸ் மாநிலப் பசுக்களில் எச்5என்1 உறுதி செய்யப்பட்டது. பி3.13 என்று பெயரிடப்பட்ட அந்த வைரஸின் பசு நுனிகள் எல்லாம் ஒரே கிளையிலிருந்து புறப்படுவதால், பறவையிடமிருந்து ஒரே ஒரு முறை தாவி, பின்னர் பசுவிடமிருந்து பசுவுக்குச் சென்றது என்று அறிய முடிகிறது. மரத்தின் காலக்கணக்கு அத்தாவலை 2023இன் இறுதிக்கோ 2024இன் தொடக்கத்துக்கோ கொண்டுசெல்கிறது. அதாவது கண்டறியப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே அது மந்தைகளில் இருந்திருக்கிறது. கண் சிவப்போடு தப்பித்த டெக்சாஸ் பால்பண்ணைத் தொழிலாளியின் வைரஸ், பசுக்களின் கிளைக்குள் அமையாமல் அதன் அருகே தனித்து நிற்பது, மாதிரி எடுக்கப்படாத தொடக்ககால மந்தைகள் இருந்திருக்கும் என்ற ஐயத்தை எழுப்புகிறது. எட்டுத் துண்டுகளையும் ஒன்றாக இணைத்து மரம் வரைந்திருப்பதால் இங்கே நுணுக்கம் கூடுகிறது; துண்டுகள் தமக்குள் மாறாதவரையில்தான் இந்த முறை செல்லும் என்பதை வாசகர் மறக்கக் கூடாது. 2025இன் தொடக்கத்தில் நெவாடாவின் பசுக்களில் டி1.1 என்னும் வேறொரு வகை கண்டறியப்பட்டபோது, பசுவுக்குத் தாவுவது ஒருமுறை மட்டும் நேர்ந்த விபத்து என்ற நம்பிக்கையும் தளர்ந்தது.

குறைகளைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. வரைபடத்தில் நாட்டுக்கு நாடு ஓடும் வளைகோடுகள் கண்ணைக் கவர்ந்தாலும் எளிதில் தவறாக வழிநடத்தும். அவை பறவைகள் பறந்த பாதைகள் அல்ல. கிடைத்த மாதிரிகளைக் கொண்டு கணிப்பொறி ஊகித்த தொடர்புகள். எந்த நாடு மிகுதியாக மாதிரி எடுக்கிறதோ அந்த நாடே வைரஸின் பிறப்பிடம்போலத் தோன்றிவிடும் அபாயம் இதில் உண்டு. மேலும், கிடைக்கும் வரிசைகள் அனைத்தையும் மரத்தில் ஏற்றாமல் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்பச் சிலவற்றை மட்டுமே தேர்ந்து காட்டுகிறார்கள். ஆகவே நுனிகளை எண்ணி நோயின் அளவைக் கணக்கிடுவது முற்றிலும் தவறு. இந்த எச்சரிக்கை பக்கத்தின் மேலேயே பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தரவின் குறைகள் தளத்தின் குறைகளல்ல என்றாலும் விளைவு ஒன்றுதான். 2024 ஏப்ரலில் அமெரிக்க வேளாண் துறை பசு வைரஸ்களின் மூல வரிசைகளை வெளியிட்டபோது, மாநிலமும் தேதியும் இன்றி நாடு, ஆண்டு என்ற அளவிலேயே விவரம் தந்தது. காலத்தையும் இடத்தையும் கொண்டு கணக்கிடும் ஒரு மரத்துக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தியாவைப் பொறுத்தவரை, 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் தொடங்கி, குட்டநாட்டு வாத்துகளில் திரும்பத் திரும்ப நேர்ந்த தாக்குதல்கள் வரை நீண்ட வரலாறு இருந்தும், மரத்தில் நம் நாட்டு நுனிகள் அதற்கு ஈடாக இல்லை. ஆலப்புழையில் நோய் வந்தால் வாளையாறு சோதனைச்சாவடியில் வாகனங்கள் நிறுத்தப்படுவதும், நாமக்கல் பண்ணைகள் கலங்குவதும் நமக்குப் பழகியவை. அந்த வைரஸ் முந்தைய ஆண்டின் வைரஸே மீண்டும் எழுந்ததா, வலசைப் பறவைகளோடு புதிதாக வந்ததா என்பதை அறிய நெருக்கமான மாதிரிகள் வேண்டும்.

பயன்பாட்டைப் பற்றிச் சில சொற்கள். சிறிய கைபேசித் திரையில் மரத்தின் கிளைகள் நெருங்கிவிடுவதால் கணினியில் பார்ப்பதே நல்லது. விளக்கங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. மரபியல் சொற்களில் ஓரளவு பழக்கம் இல்லாதவர் முதலில் தடுமாறுவார். கல்லூரி ஆசிரியர்கள் ஒருமுறை உடனிருந்து காட்டினால் உயிரியல் மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுவதற்கும் போதுமான பொருள் இதில் இருக்கிறது. மரத்தை உருவாக்கும் நிரல்கள் யாவும் திறந்திருப்பதால் சந்தேகப்படுபவர் தாமே சரிபார்க்கலாம். மாதிரி எடுத்து, வரிசை கண்டு, பொதுத் தளத்தில் ஏற்றி, மரம் வரையப்படுவதற்குள் வாரங்கள் கடந்துவிடும். இன்று தம் மாவட்டத்தில் நோய் இருக்கிறதா என்று அறிய விரும்பும் கோழிப் பண்ணையாளர் கால்நடைப் பராமரிப்புத் துறையைத்தான் கேட்க வேண்டும். சென்ற மாதம் வந்த நோய் எந்த வழியில் வந்தது என்று அறிய விரும்புபவருக்கே இந்தப் பக்கங்கள் உரியவை.