சேலை டிசைனுக்கு டிராயிங் டேப்லெட்: பழகியதும் சரிசெய்ததும்

சேலம் அம்மாபேட்டையில் உட்கார்ந்து இளம்பிள்ளைத் தறிகளுக்குச் சேலை டிசைன் போட்டுத் தருவது என் தொழில். கரை, புட்டா (சேலை உடலில் ஆங்காங்கே வரும் சிறு உருவம்), முந்தி எல்லாவற்றையும் முன்பு மவுஸில்தான் வரைந்துகொண்டிருந்தேன். சில வருடங்களாகத் திரை இல்லாத டிராயிங் டேப்லெட்டில் வேலை; பலகை மாதிரி இருக்கும் அதன் மேல் பேனாவால் வரைந்தால் கோடு கம்ப்யூட்டர் திரையில் விழும். மாங்காய் புட்டாவின் முதுகு வளைவை மவுஸில் போட்டால் துண்டு துண்டாக ஒட்ட வேண்டியிருக்கும். பேனாவில் ஒரே இழுப்பில் வந்துவிடுகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை விட்டு நான் திரும்பிப் போகமாட்டேன். ஆனால் "வாங்கினேன், கோடு ஆடுது, தூக்கிப் பரணில் போட்டுட்டேன்" என்று சொல்லும் டிசைனர்களை நிறையப் பார்க்கிறேன். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் டேப்லெட்டில் இல்லை. கரண்ட், மேஜை, டிரைவர் (டேப்லெட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மென்பொருள்) என்று அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

என்னுடையது நடுத்தர அளவு. வரையும் பரப்பு 10 அங்குலத்துக்கு 6.25 அங்குலம், பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்று பிரித்தறியும் அழுத்த நிலைகள் 8192. பேனாவுக்கு பேட்டரி கிடையாது, சார்ஜும் ஏற்ற வேண்டாம். பரப்புக்கு அடியில் இருக்கும் கம்பி வலை மின்காந்த அலையை அனுப்புகிறது. பேனாவுக்குள் உள்ள சுருள் அதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு பதில் அனுப்புகிறது. ஜப்பானின் வாகாம் கம்பெனி பிரபலமாக்கிய முறை இது. இன்று பல கம்பெனிகளிடம் இருக்கிறது. என் டேப்லெட்டில் விரல் தொடுகை வசதி இல்லாததால் கையைத் தாராளமாக அதன் மேல் வைத்து வரையலாம்.

8192 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 2048-க்கு மேல் என் கைக்கு வித்தியாசமே தெரியவில்லை. முதல் புள்ளி விழ எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இறுக்கி அழுத்தினால்தான் கோடு விழும் என்றால் சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு வலி எடுத்துவிடும். டிரைவரில் அழுத்த வளைவை மென்மையான பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் நாள் முழுக்க வரைய முடிகிறது.

கை ஓரிடம், கண் ஓரிடம் என்பது பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். மவுஸை டிராயரில் போட்டு மூடிவிட்டு ஃபோல்டர் திறப்பது, மெயில் பார்ப்பது வரைக்கும் பேனாவிலேயே செய்வது நல்ல வழி. பயிற்சிக்கு நான் சிக்குக் கோலம்தான் போட்டேன். புள்ளியைச் சுற்றி வளைந்து, கையை எடுக்காமல் கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டும். எங்கே கை தடுமாறுகிறது என்று உடனே தெரிந்துவிடும். டேப்லெட் உடம்புக்கு நேராக, திரையின் கீழ் ஓரத்துக்கு இணையாக இருக்கட்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நேர்கோடெல்லாம் ஒரு பக்கமாக ஏறும். மேஜையில் அதன் மூலைகளுக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறேன்.

அடுத்து, வட்டம் முட்டையாக வருவது. என் டேப்லெட்டின் விகிதம் 16:10. திரை 1920-க்கு 1080, அதாவது 16:9. முழுப் பரப்பையும் முழுத் திரைக்கு விரித்தால் அங்குலத்துக்குக் குறுக்கே 192 பிக்சல், நெடுக்கே 173 பிக்சல்தான் கிடைக்கும். கை போட்ட வட்டம் திரையில் ஒன்பதில் ஒரு பங்கு அகலம் கூடி விழும். படம் வரைகிறவர்கள் இதைக் கவனிக்காமல்கூடப் போகலாம். சேலை டிசைனருக்கு அது கட்டுப்படியாகாது, ஏனென்றால் தறியிலும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. அங்குலத்துக்குப் பாவு (நெடுக்கு நூல்) 80 இழை, ஊடை (குறுக்கு நூல்) 60 இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுரக் கட்டத்தில் 80-க்கு 80 என்று போட்ட வட்டம் துணியில் அகலம் 1 அங்குலமும் உயரம் 1.33 அங்குலமுமாக நீண்டுவிடும். அதைச் சரிக்கட்டித்தான் டிசைன் போடுகிறோம்; போட்டோஷாப்பில் பிக்சல் விகிதத்தை மாற்றிப் பார்க்கவும் வசதி உண்டு. இந்தத் திருத்தத்தோடு டேப்லெட்டின் கோணலும் கலந்துவிட்டால், புட்டா ஏன் உப்பியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. டிரைவரில் விகிதத்தைப் பூட்டும் இடத்தை டிக் செய்தால் பயன்படும் உயரம் 5.63 அங்குலமாகக் குறையும். ஒரு பட்டை வீணாகத்தான் போகும், போகட்டும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் டேப்லெட்டை ஒன்றுக்கு மட்டும் ஒதுக்குவது நல்லது.

என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது கோடு நடுங்கியதுதான். ஸ்கேலை வைத்து மெதுவாகச் சாய்கோடு இழுத்தால் அலை அலையாக வந்தது. வேகமாக இழுத்தால் தெரியாது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் கோடு சுத்தமாக வரும், மாட்டினால் திரும்ப நடுங்கும். லேப்டாப்பின் உலோக ஓரத்தில் விரல் வைத்தால் லேசாக விறுவிறுவென்று இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லேம்ப்பை பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தார். பல்பு மினுக்கென்று எரிந்ததோடு சரி. "ஏங்க தம்பி, எர்த் குழிக்குக் கடைசியா எப்பத் தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டார். கோடையில் மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது. குழியில் புதுசாக உப்பும் கரியும் போட்டு, வயரின் முனையைச் சுரண்டி முறுக்கி, நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே சார்ஜர் மாட்டியபடி கோடு நேராக வந்தது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகுகிறவர்களுக்கும் இதே தொல்லை வரும், ஏனென்றால் எர்த் அங்கேயே அறுந்துபோகிறது. இது டேப்லெட்டுக்காக மட்டும் பார்க்க வேண்டிய விஷயம் இல்லை, உடம்பில் ஷாக் அடிக்காமல் இருக்கவும்தான்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது சிலருக்குக் கோடு மறுபடி ஆடும். அந்த நேரத்துக்கு சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் வரைந்தால் போதும். செல்போன் சார்ஜரையும் ஸ்பீக்கரையும் டேப்லெட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். இரும்பு மேஜையாக இருந்தால் நடுவில் ஒரு மரப்பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

டிரைவர் விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய கம்பெனி டிரைவர் உள்ளே இருக்கும்போது புது டிரைவரைப் போடாதீர்கள். பழையதை நீக்கி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, அப்புறம் போடுங்கள். பேனாவை வைத்ததும் ஒரு வளையம் தோன்றிக் கோடு தாமதித்தால், கன்ட்ரோல் பேனலில் 'பென் அண்ட் டச்' பகுதிக்குப் போய் 'பிரஸ் அண்ட் ஹோல்ட்' என்பதை அணையுங்கள். கோடு வருகிறது, அழுத்தம் மட்டும் வரவில்லை என்றால் விண்டோஸ் இங்க் அமைப்பைப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில், பேனாவின் அழுத்தத்தைக் கொண்டுசேர்க்கும் விண்டேப், விண்டோஸ் இங்க் என்ற இரண்டு வழிகளில் எது வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். மாற்றினால் அதை மூடித் திறக்க வேண்டும். டேப்லெட்டைச் சோதிக்க அதிலேயே ஒரு பக்கமும் உண்டு.

இனி எங்கள் தொழிலுக்கே உரிய ஒன்று. ஜக்கார்டு என்பது டிசைனுக்கு ஏற்பப் பாவு நூல்களைக் கொக்கிகளால் தூக்கிவிடும் தறிக் கருவி. 240 கொக்கி ஜக்கார்டுக்குப் போடும் கரையில் குறுக்கே 240 கட்டம்தான். ஒவ்வொரு கட்டத்திலும் பாவு நூல் ஒன்று எழும்பும், இல்லையென்றால் கீழேயே இருக்கும். இடையில் சாம்பல் நிறம் என்று ஒன்று தறிக்குத் தெரியாது. சாதாரண பிரஷ்ஷில் வரைந்தால் கோட்டின் ஓரமெல்லாம் பாதி நிறக் கட்டங்களாக நிற்கும். அதனால் முதலில் பெரிய அளவில், அழுத்தத்தோடு, கை போகிற போக்கில் வரைந்துகொள்கிறேன். அதை 240-க்குச் சுருக்கி அடியில் வைத்து, மேலே பென்சில் கருவியில் ஒரு பிக்சல் தடிமனில், அழுத்தத்தை அணைத்துவிட்டுத் திரும்ப இழுக்கிறேன். ஊடை கட்டு விழாமல் நீளமாக ஓடும் இடங்களைக் கட்டம் கட்டமாகத் திருத்துவதற்கு மட்டும் இன்றும் மவுஸ்தான். அந்த வேலைக்குப் பேனா ஒத்துவராது.

பேனாவின் நிப் பிளாஸ்டிக், தேயத்தான் செய்யும். ஒரு பக்கம் உளி மாதிரி சரிந்து கூர்மையானதும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பரப்பில் கீறல் விழும். தறி ஓடுகிற தெருவில் நூல் பஞ்சும் தூசியும் வந்து படிந்துகொண்டே இருக்கும். அதன் மேல் வரைந்தால் நிப் சீக்கிரம் தேய்கிறது. காலையில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் உள்ளங்கை வியர்த்துப் பரப்போடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு விரல் கையுறை அப்போது உண்மையிலேயே உதவுகிறது. மற்ற மாதங்களில் நான் போடுவதில்லை.

எனக்கு மனக்குறை கேபிள் செருகும் இடத்தில்தான். நாளடைவில் அது தளர்ந்து, கையை அசைத்தாலே தொடர்பு அறுந்தது. விற்றவர்கள் புதுசு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். செல்போன் சர்வீஸ் கடையில் கொடுத்து அந்த சாக்கெட்டை மட்டும் மாற்றி வாங்கினேன், இன்றுவரை ஓடுகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் டைப்-சி சாக்கெட் உள்ளதாகப் பாருங்கள். வளைந்த முனையுள்ள கேபிள் போட்டால் சாக்கெட்டில் இழுவையும் குறையும்.

திரையோடு வரும் டேப்லெட் வாங்கலாமா என்று இளம்பிள்ளைக்காரர்கள் கேட்கிறார்கள். கரை, புட்டா வேலைக்குத் தேவையில்லை என்பேன். குனிந்தே வரைவதால் கழுத்து வலி, கூடுதல் வயர்கள், திரையின் சூடு எல்லாம் சேர்ந்து வரும். அந்தப் பணத்தில் நிறம் சரியாகக் காட்டும் நல்ல மானிட்டர் ஒன்று வாங்குங்கள். பட்டு நூலின் அரக்குக்கும் மெரூனுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தறிக்காரரிடம் திரையிலேயே காட்டி முடிவு செய்துவிடலாம்.