தூக்குவதற்கு முன் ஒரு நாள்: திருகோணமலையில் அமர்த்திய பாரம் தூக்கும் சேவை பற்றி

உட்துறைமுக வீதிக்கு அண்மையிலுள்ள எமது அலுவலகத்தின் முதலாம் மாடியில் 13 யூ (ஏறத்தாழ 58 சென்ரிமீற்றர்) உயரமுள்ள ஒரு மையச் சுவிட்சை, அதாவது அலுவலகக் கணினிகளையெல்லாம் இணைக்கும் வலையமைப்புக் கருவியை, ராக் எனப்படும் உலோகச் சட்டத்தில் ஏற்றுவதற்காக, கடந்த மாதம், கிண்ணியாவிலிருந்து வந்து வேலை செய்துகொடுக்கும் ஒரு பாரம் தூக்கும் சேவையை அமர்த்தினோம். நான்கு ஆட்கள், கையால் சுழற்றி உயர்த்தும் லிஃப்ட், படியேறும் தள்ளுவண்டி, ஒட்டுப்பலகைகள், பட்டிகள், போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 42,000 ரூபாய் என்று பேச்சு. வேலை இரண்டு நாளாக நீண்டது. இரண்டாம் நாளுக்கு மேலும் 15,000 கொடுத்தோம். குறைகளையும் சேர்த்தே எழுதப்போவதால் சேவையின் பெயரைக் குறிப்பிடவில்லை. கொடுத்த காசு தகுமா என்று கேட்டால், தகும் என்பேன். ஆனால் முதல் நாள் மாலை என்னிடம் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இதைவிடச் சிறிய ஒரு சுவிட்சை மேலே கொண்டுபோவதற்குச் சந்தையடியில் நின்ற, சுமை தூக்கும் நாட்டாமிமார் இருவரைக் கூட்டிவந்தோம். அரிசி மூட்டையை எறும்பு போலச் சுமக்கும் அவர்களுடைய உடல் வலுவைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அவர்களின் கண்ணுக்குக் கைபிடியாகத் தெரிந்தது மின்வழங்கியைக் கழற்றுவதற்கென்று வைக்கப்பட்டிருந்த சிறு பிடி. அதைப் பற்றித் தூக்கியதில் பூட்டு வளைந்து, அன்றிலிருந்து அந்த மின்வழங்கி அசைந்தபடியே இருந்தது. தவறு எம்முடையது; எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லாமல் நாம்தான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

இம்முறை வாங்கிய சுவிட்சின் வெறுங்கூடு ஏறத்தாழ 30 கிலோகிராம். மின்வழங்கிகள், விசிறித்தட்டு, கேபிள்கள் செருகும் மின்னணு அட்டைகள் யாவும் பூட்டிய பின் 75 கிலோகிராமைத் தாண்டும். இத்தகைய கருவிகளுக்கு, வலையமைப்புக் கருவிகளைத் தயாரிக்கும் ஜூனிபர் நிறுவனம் தன் நிறுவல் வழிகாட்டிகளில் சொல்லும் கணக்கு எளிமையானது: 18 கிலோகிராம் வரை ஒருவர் தூக்கலாம், 18 முதல் 32 வரை இருவர், 32 முதல் 55 வரை மூவர் அல்லது அதற்கு மேல், 55ஐத் தாண்டினால் ஆட்கள் அல்ல, தூக்கும் பொறியே வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1991இல் திருத்தியமைத்த சமன்பாடு, எல்லாம் சரியாக அமைந்த நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க பாரமாக 23 கிலோகிராமையே எடுத்துக்கொள்கிறது. குனிதல், திரும்புதல், உடலிலிருந்து பாரம் விலகியிருத்தல் என்று ஒவ்வொன்றாகச் சேரச்சேர அந்த அளவு குறைந்துகொண்டே போகும். ராக்கில் ஏற்றும் வேலையில் இவை மூன்றும் ஒரே நேரத்தில் நிகழும் என்பதை, ஒரு முறையேனும் கையை நீட்டிச் சுவிட்ச் ஒன்றைத் தாங்கிப் பிடித்தவர்கள் அறிவார்கள்.

சேவையின் தலைவர் ஐம்பது வயதைக் கடந்தவர். எல்லோரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றே அழைத்தார்கள், நானும் அப்படியே அழைத்தேன். ஒப்புக்கொண்ட நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்த அவர், வந்ததும் பெட்டியைத் தொடவில்லை. அதைச் சுற்றி நடந்து, ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்த சாய்வுகாட்டி வில்லையைச் சுட்டிக்காட்டினார். அது சிவந்திருந்தது. கொழும்பிலிருந்து லொறியில் வரும் வழியில் எங்கோ பெட்டி சரிக்கப்பட்டிருக்கிறது. பெட்டியை ஏற்றுக்கொண்டு ஒப்பமிட்டவன் நான்; வில்லையைப் பார்க்கவில்லை. சிவந்திருப்பதால் பொருள் கெட்டுவிட்டது என்று ஆகாது, ஆயினும் ஒப்பமிடுவதற்கு முன் விநியோகச் சிட்டையில் அதை எழுதியிருக்க வேண்டும். உடனே படமெடுத்து விற்றவர்களுக்கு அனுப்பினேன். சுவிட்ச் நல்வாய்ப்பாக ஒழுங்காக இயங்கியது.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. லொறியிலிருந்து ஒரு வெற்று அட்டைப் பெட்டியை எடுத்து, சுவிட்சின் அகலம், உயரம், ஆழம் ஆகிய மூன்றுக்கும் சரியாக வெட்டி ஒட்டி, அந்தக் காற்றுச் சுவிட்சை இருவர் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறுமாறு சொன்னார். பதினேழு படிகள், நடுவே திரும்பும் மேடை. மேடையில் திரும்பும்போது பெட்டியின் மூலை யன்னல் கொக்கியில் இடித்து நசிந்தது. கொக்கியைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஏறினார்கள். அதன் பிறகு அறை வரையுள்ள வழியில் தரையோட்டை விரலால் தட்டிப் பார்த்து, உள்ளே வெறுமையாக ஒலித்த இடங்களில் சோக்கால் குறியிட்டார். லிஃப்டின் சில்லுகள் சிறியவை, பாரம் முழுவதும் நான்கு புள்ளிகளில் இறங்கும், ஓடு வெடித்தால் சில்லு சிக்கிப் பொறி சரியும் என்பது அவருடைய விளக்கம். குறியிட்ட இடமெல்லாம் ஒட்டுப்பலகை விரிக்கப்பட்டது.

இத்தனைக்கும் பிறகு, மாலை மூன்று மணிக்கு, ராக்கைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பார்த்துவிட்டு, இன்று ஏற்ற முடியாது என்றார். ராக் தரையில் போல்ட் அடித்துப் பூட்டப்படவில்லை. அதை அப்படியே நிறுத்திவிட்டுப் போனவர்கள் நாம்தான். சுவர் ஓரமாகத்தானே நிற்கிறது என்ற அலட்சியம். எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் கூலி வீண், மறுநாள் அலுவலகத்தின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று எல்லோருக்கும் அறிவித்தாயிற்று, இனி அதையும் மாற்ற வேண்டும். போதாக்குறைக்கு, மேலே ஓடும் கேபிள் தட்டுக்கு அண்மையாக இருக்கட்டும் என்று சுவிட்சை ராக்கின் மேற்பாதியில் பொருத்துமாறு நான் வரைந்திருந்த படத்தையும் அவர் ஏற்கவில்லை.

“தம்பி, தோணியில பாரத்த அடியிலதான் வெப்போம். மேல வெச்சா கவிழும். இது கவிழ்றதுக்குக் கடல் கூடத் தேவல்ல” என்றார்.

மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இருக்கவில்லை. பாரமானதைக் கீழே வை, ராக்கைப் பூட்டிய பிறகே ஏற்று என்பவை நிறுவல் வழிகாட்டிகளில் வழக்கமாக இருப்பவை; நானே பலருக்குச் சொல்லிக்கொடுத்தவை. கேபிள் சில மீற்றர் கூடுதலாகப் போனது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். ஆடி மாதத்துக் கச்சான் காற்று பத்து மணிக்கு மேல் அனலாக வீசும், கை வியர்த்து வழுக்கும் என்பதால் பாரமான வேலையை அதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். போல்ட் அடித்து முடிந்ததும், சுவிட்சிலிருந்து மின்வழங்கிகளையும் விசிறித்தட்டையும் அட்டைகளையும் நான் கழற்றிக் கொடுத்தேன். மிஞ்சிய கூடு இருவர் தூக்கத்தக்க பாரமாயினும், படியில் கீழே நிற்பவர்மீதே சுமை கூடுதலாக விழும் என்பதால், ஒவ்வொரு பக்கமும் மூன்று சில்லுகள் சுழன்று படியேறும் தள்ளுவண்டியில் பட்டியால் இறுக்கிக் கட்டி, மேலே ஒருவர் இழுக்க, கீழே இருவர் தாங்க, நானா மட்டும் எண்ணிக்கை சொல்ல, பதினேழு படிகளையும் ஆறு நிமிடத்தில் கடந்தார்கள். மேடையில் வைத்து ஒரு முறை மூச்சு வாங்கினார்கள். ஒருவரைத் தவிர வேறு எவரும் வாய் திறக்கவில்லை. ஆளுக்காள் கட்டளையிடும் கூச்சலைக் கேட்டுப் பழகிய எனக்கு அந்த அமைதி புதிது.

இனி அந்த லிஃப்டைப் பற்றி. தகட்டில் 180 கிலோகிராம் என்று பொறிக்கப்பட்டிருந்தது. பாரத்தின் மையம் கம்பத்திலிருந்து விலக விலக அந்த அளவு குறையும் என்பதை வாடகைக்கு எடுப்போர் மறந்துவிடக் கூடாது. கைபிடியைச் சுழற்றும்போது டிக் டிக் என்று ஒலித்து உயரும். கையை விட்டாலும் தடை தானாகப் பிடித்துக்கொள்ளும். பாரம் வைக்கும் மேடையை வெறுமையாக ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டு, எஃகுக் கயிற்றில் இழை ஏதும் அறுந்திருக்கிறதா என்று துணியால் உருவிப் பார்த்தார்கள். அறுந்த இழை துணியில் மாட்டிக்கொள்ளும், வெறுங்கையால் உருவினால் கையில் ஏறும். உருட்டிச் செல்லும்போதெல்லாம் மேடையைத் தரைக்கு அண்மையில் தாழ்த்தியே வைத்திருந்தார்கள். இவை அனைத்தும் நன்று. ஆனால் மேடை எமது சுவிட்சின் ஆழத்துக்குப் போதவில்லை, நீட்டும் தட்டைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். பதிலாக ஒட்டுப்பலகைத் துண்டொன்றை வைத்துப் பட்டியால் கட்டினார்கள். கூடு 30 கிலோகிராம் என்பதால் அனுமதித்தேன். முழுப் பாரத்துடன் ஏற்றியிருந்தால் நிச்சயமாகத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ராக்கில் பொருத்தும் வேலையில் அவர்களுக்கும் எனக்கும் ஒரே ஒரு வாக்குவாதம், அதுவும் துளைகளை எண்ணுவதில். ஒரு யூ என்பது 44.45 மில்லிமீற்றர், அதில் மூன்று துளைகள். அவை சம இடைவெளியில் இல்லை: 15.875, மறுபடியும் 15.875, பிறகு 12.7 மில்லிமீற்றர். ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை, நெருங்கி நிற்கும் இரு துளைகளுக்கு நடுவில் இருக்கிறது. அவர்களில் இளையவர் தூரமாக நிற்கும் துளைகளுக்கு நடுவிலிருந்து எண்ணத் தொடங்கி, ராக்கின் இடத்தூணில், திருகாணிகளுக்காகத் துளைகளில் மாட்டும் கேஜ் நட்டுகளை ஒரு துளை பிசகிப் பூட்டிவிட்டார். 13 யூ கூட்டைத் தூக்கி அருகே கொண்டுவந்த பிறகு இது தெரியவந்திருந்தால், பாரம் மேடையில் நிற்க, குனிந்துகொண்டு நட்டுகளை மாற்றியிருக்க வேண்டும். அதனால்தான் பாரம் வருமுன்னே இரு தூண்களிலும் நிறப் பட்டி ஒட்டிக் குறியிடுமாறு கேட்டேன். தாங்கு தட்டை முதலில் பூட்டி, அதன்மேல் நீர்மட்டம் வைத்துப் பார்த்தபோது பிசகு வெளிப்பட்டது. திருத்திய பின், கூட்டைத் தாங்கு தட்டுக்கு ஒரு விரற்கடை உயரத்தில் நிறுத்தி, மெல்ல உள்ளே தள்ளி, பாரம் தட்டில் அமர்ந்ததும் கீழ்த் திருகாணிகளிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் பூட்டினார்கள். விரலை இடையில் விடாதே என்று நானா இரண்டு முறை அதட்டினார், இரண்டாவது என்னை.

குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். நால்வரில் இருவர் பாட்டாச் செருப்புடன் வந்தார்கள். 30 கிலோகிராம் உலோகம் பாதத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பது இத்தனை கவனமுள்ள தலைவருக்குத் தெரியாததல்ல. நான் மறுத்த பிறகு, ராக்கில் ஏற்றும்போது, சப்பாத்து அணிந்த இருவர் மட்டும் பாரத்துக்கு அருகில் நின்றார்கள். ரப்பர் பூசிய கையுறை நால்வருக்கும் இருந்தது. மின்னணு அட்டைகளைத் தொடும்போது, நிலைமின்னால் அவை கெடாதிருக்க மணிக்கட்டில் கட்டி நிலத்தொடுப்புக் கம்பியுடன் இணைக்கும் பட்டி அவர்களிடம் ஒன்றுகூட இல்லை. அதனால் அட்டைகளைக் கழற்றியதும் பூட்டியதும் நானே. இச்சேவையை அமர்த்துவோர் அந்த வேலையை அவர்களிடம் விடாதிருப்பதே நல்லது. போல்ட்டுக்காகக் கொங்கிறீற்றைத் துளைத்தபோது முதல் துளையைத் தூசு உறிஞ்சி இல்லாமலே துளைத்துவிட்டார்கள். அறையிலிருந்த பழைய சேர்வர்களைப் பொலித்தீனால் மூடச் சொல்லி நான் ஓடி வரும்போது வெண்தூள் பரவிவிட்டது. பற்றுச்சீட்டில் “பாரம் ஏற்றியது” என்ற இரண்டே சொற்கள். பொருள் சேதமானால் யார் பொறுப்பு என்று எழுத்தில் எதுவும் தரவில்லை. எமது கணக்காளர் அதை ஏற்பதற்கு நான் ஒரு கடிதம் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது.

மின்தடையின்போது மின்சாரம் வழங்கும் யூபிஎஸ் பற்றறிகள் இன்னும் கீழேதான் இருக்கின்றன. 12 வோல்ட், 100 அம்பியர் மணி பற்றறி ஒன்று ஏறத்தாழ 30 கிலோகிராம், எம்மிடம் எட்டு. கூட்டைப் போல இவற்றைக் கழற்றி இலகுவாக்க முடியாது, ஒவ்வொன்றையும் முழுப் பாரத்துடனேயே பதினேழு படிகளும் ஏற்ற வேண்டும். அடுத்த மாதம் அதே ஆட்களையே வரச் சொல்லியிருக்கிறேன். நால்வருக்கும் சப்பாத்து, மேடையை நீட்டும் தட்டு, வேலை பிரித்து எழுதிய பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் தொலைபேசியில் கேட்டேன்; முதல் இரண்டுக்கும் சரி என்ற நானா, மூன்றாவதற்குச் சிரித்தார். அட்டையால் செய்த அந்தக் காற்றுச் சுவிட்சை எறிந்துவிடாமல் படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். பழைய மையச் சுவிட்சும் ஏறத்தாழ அதே பருமன். அதை ஒரு நாள் இறக்க வேண்டும். யன்னல் கொக்கியை மறுபடியும் யாரோ பூட்டிவைத்திருக்கிறார்கள்.