ஈ.சி.யூ பழுது என்றதும் பணம் கட்டிவிடாதீர்கள்

வெளியில் வாங்கிய ஈ.சி.யூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) பொருத்திய கார் வைத்திருக்கும் கொழும்பு நண்பர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். மூன்று மாதங்களில் ஒரு கராஜிற்கு 185,000 ரூபாய் கொடுத்தேன். உண்மையான கோளாறோ அவர்களே தவறாகப் பூட்டிய ஓர் எர்த் வயரில் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வயர்) இருந்தது.

எனது பழைய ஸ்டார்லெட்டுக்கு ஈ.சி.யூ பொருத்தியவர்களும் அவர்களே. பகலில் குறையின்றி ஓடிய வண்டி, இரவில் காலி வீதி நெரிசலில் ஹெட்லைற்றும் ரேடியேற்றர் ஃபேனும் சேர்ந்து இயங்கத் தொடங்கியதும் கறுப்புப் புகை தள்ளி நின்றுவிடும். முதலில் வெப்பநிலை சென்சரை மாற்றினார்கள். பிறகு, 14.1 வோல்ற் தந்துகொண்டிருந்த அல்டர்னேற்றர் (பற்றறியைச் சார்ஜ் செய்யும் பாகம்) பலவீனமாகிவிட்டது என்று அதையும் மாற்றினார்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ற் வரை இருப்பது இயல்பு என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. கடைசியில் ஈ.சி.யூவே போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்றார்கள். எர்த்தைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, எஞ்சினை நிறுத்தி வயரின் மின்தடையை (ஓம்) அளந்து, "சைபர் காட்டுது தம்பி, எர்த் நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த அளவை எதையும் நிரூபிக்காது. ஓம் அளக்கும்போது மீற்றர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே செலுத்துவதால், இழைகள் பெரும்பாலும் அறுந்துபோன வயரும் சைபருக்கு அருகில்தான் காட்டும். லைற், ஃபேன் போன்றவற்றின் மின்சுமை ஏறும்போதே அதன் குறை வெளிப்படும்.

வானொலி திருத்தும் என் மாமா எஞ்சினை ஓடவிட்டு, லைற்றையும் ஃபேனையும் போட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் நெகற்றிவிலும் மறுமுனையை வண்டியின் பொடியிலும் (உலோக உடலிலும்) வைத்தார். 0.3 வோல்ற் காட்டியது. அதே கணத்தில், ஈ.சி.யூவோடு இணைத்திருந்த மடிக்கணினித் திரையில் எஞ்சின் வெப்பநிலை 88 பாகையிலிருந்து 70க்கு இறங்கியது. தண்ணீர் ஒரு நொடியில் அப்படிக் குளிராது. சென்சர்களின் எர்த் வயர் ஈ.சி.யூவுக்கே திரும்பிச் செல்ல வேண்டியிருக்க, அதை டாஷ்போர்ட்டுக்கு அடியில் பெயின்ற் பூசிய பொடியில் பூட்டியிருந்தார்கள். அதனால் அந்த 0.3 வோல்ற் சென்சரின் சிக்னலோடு கூடிவிட, எஞ்சின் குளிர்ந்திருப்பதாக எண்ணி ஈ.சி.யூ பெற்றோலை அதிகமாக ஊற்றியது.

வயரை உரிய இடத்தில் இணைத்து, பெயின்றைச் சுரண்டி, பற்றறியிலிருந்து பொடிக்குப் புதிய தடித்த வயர் போட்ட பின் அந்த அளவு 0.04 வோல்ற்றாகக் குறைந்தது. செலவு 3,000 ரூபாயை எட்டவில்லை. அன்றிலிருந்து வண்டி ஒருமுறையும் நிற்கவில்லை.

கராஜ்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். என் பழைய அல்டர்னேற்றரைக் கேட்டேன், பழைய இரும்போடு போய்விட்டது என்றார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்ய நினைத்தபோதுதான், பணம் கொடுத்த ஒவ்வொரு தடவையும் எனக்குக் கிடைத்தது பெயரோ கையொப்பமோ இல்லாத துண்டுக் காகிதம் என்பது உறைத்தது. ஆகவே ஈ.சி.யூவுக்குக் காசு கேட்டால், முதலில் உங்கள் கண் முன்னே, லைற்றும் ஃபேனும் ஓடும்போது, பற்றறிக்கும் பொடிக்கும் இடையே இந்த வோல்ற் அளவை எடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தையும் முறையான பற்றுச்சீட்டையும் கையில் வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.