ஆர்க்னி ஒரு நாள் மினிபஸ் டூர்: கைடுக்கு 5 ஸ்டார், டைம்டேபிளுக்கு 2

போன ஜூன்ல நானும் அம்மாவும் ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்கிற ஆர்க்னி தீவுக்குப் போயிருந்தோம், அங்க ஒரு சின்ன கம்பெனியோட ஒரு நாள் மினிபஸ் டூர் எடுத்தோம், அதப் பத்திதான் இந்த ரிவ்யூ. கம்பெனி பேர் சொல்லல, ஏன்னா கிட்டத்தட்ட எல்லா டூரும் இதே ரூட்டத்தான் ஓட்டுறாங்க.

ஸ்காட்லாந்து வடக்கு ஓரத்துல இருக்கிற ஸ்க்ராப்ஸ்டர்ல இருந்து ஆர்க்னில இருக்கிற ஸ்ட்ரோம்னஸ்க்கு ஃபெர்ரி, ஒன்றரை மணி நேரம். ஏறின உடனே வலது பக்கமா ஒரு இடம் புடிச்சு உக்காந்துக்கோங்க, ஹோய் தீவு ஓரமா 137 மீட்டர் ஒசரத்துக்கு கடல்லேருந்து ஒத்தையா ஒரு செங்கல்லு கலர் பாறைத்தூண் நிக்கும், ஓல்ட் மேன் ஆஃப் ஹோய். வாந்தி வர்ற ஆளுங்க மாத்திரை போட்டுக்கிறது நல்லது, பென்ட்லண்ட் ஜலசந்தி சும்மா விடாது.

சரி டூருக்கு வரேன். கைடும் டிரைவரும் ஒரே ஆள்தான், அந்த தீவுலயே பொறந்து வளர்ந்த ஒரு பெரியம்மா. அவங்கதான் இந்த டூரோட உசுரு. ஒரு பேப்பர் கிடையாது மனப்பாடம் கிடையாது, ரோட்டோரம் ஒரு கல்லு தெரிஞ்சா போதும் வண்டிய ஸ்லோ பண்ணி கதைய ஆரம்பிச்சிடுறாங்க. ஆர்க்னி முதல்ல ஸ்காட்லாந்தே கிடையாதாம், நார்வே ராஜா கையில இருந்துச்சாம், 1468ல, அப்ப நார்வேக்கும் ராஜாவா இருந்த டென்மார்க் ராஜா தன் பொண்ணு மார்கரெட்ட ஸ்காட்லாந்து ராஜாவுக்குக் கட்டிக் குடுக்கறப்ப சீதனப் பணம் கைல இல்லாம இந்தத் தீவுங்கள அடகு வெச்சாங்களாம். "மீட்டாங்களா?"ன்னு அம்மா கேட்டாங்க. மீட்கவே இல்லயாம். "அடகு வெச்சது எங்க திரும்பி வருது"ன்னு அம்மா தமிழ்ல சொன்னத நான் மொழிபெயர்க்கல.

முதல் ஸ்டாப் ஸ்காரா ப்ரே. 1850ல ஒரு பெரிய புயல் அடிச்சு கரை மணல வாரிக்கிட்டுப் போக, உள்ள இருந்து ஒரு ஊரே வெளிய வந்துச்சு, 5000 வருஷம் பழசு, எகிப்து பிரமிடுக்கும் முன்னாடி. விசிட்டர் சென்டர்லேருந்து நடந்து போற பாதையில நிலாவுல கால் வெச்சது, ரோம் விழுந்தது, பிரமிட் கட்டினதுன்னு காலத்துல பின்னாடி பின்னாடி போற மாதிரி கல்லு பதிச்சிருக்காங்க, கடைசில கடல் ஓரமா ஊர் வரும். வீட்டுக்குள்ள இறங்க விட மாட்டாங்க, மேல நின்னு எட்டிப் பாக்கணும். ஆனா பாக்கறதே போதும்ங்க. நடுவுல அடுப்பு, ரெண்டு பக்கமும் கல்லுப் பெட்டி மாதிரி கட்டில், வாசலுக்கு நேர் எதிர்ல கல்லுலயே அடுக்கு வெச்ச ஷெல்ஃப். அங்க மரம் ரொம்பக் கம்மி, ஆனா பாளம் பாளமா பிளந்து வர்ற கல்லு நெறைய, அதான் ஃபர்னிச்சர் மொத்தமும் கல்லு, அதனாலதான் நமக்கு மிஞ்சியும் இருக்கு, மரமா இருந்திருந்தா மக்கிப் போயிருக்கும். "வர்றவங்க கண்ணுல படணும்னே நல்ல சாமான வாசலுக்கு நேரா அடுக்கிருக்கா பாரு"ன்னாங்க அம்மா, கைடு கிட்ட இத சொன்னேன், ஆராய்ச்சிக்காரங்களும் அப்டித்தான் நெனைக்கிறாங்கன்னு சிரிச்சாங்க.

இவ்ளோ பெரிய விஷயத்துக்கு டூர்ல குடுத்த நேரம் 50 நிமிஷம். அதுல கியூ, டாய்லெட், டிக்கெட் எல்லாம் சேர்த்தி. டிக்கெட் காசு டூர் விலைல இல்லங்கறத வண்டியில ஏறின பொறவுதான் சொல்றாங்க, ரெண்டு பேருக்கும் 200 பவுண்டுக்கு கொஞ்சம் கம்மியா வாங்கிட்டு இதையும் தனியா கட்டச் சொன்னா கடுப்பாகுமா ஆகாதா. அன்னிக்குன்னு பாத்து ஆர்க்னியோட பெரிய ஊரான கிர்க்வால்ல ஒரு பெரிய குரூஸ் கப்பல் வந்து நிக்குது, பஸ் பஸ்ஸா ஆளு. புக் பண்றதுக்கு முன்னாடி கப்பல் வர்ற தேதி ஆன்லைன்ல பாத்துக்கோங்க, நான் பாக்கல.

அடுத்து ரிங் ஆஃப் ப்ராட்கர், ரெண்டு ஏரிக்கு நடுவுல 100 மீட்டருக்கு மேல அகலமா ஒரு கல்லு வட்டம், 60 கல்லு இருந்திருக்கலாம்னு சொல்றாங்க, இப்ப 36 மிச்சம். 1980ல இடி விழுந்து ஒண்ணு பிளந்து போச்சு, அது அப்டியே கெடக்கு. இங்க 20 நிமிஷம். பக்கத்துல ஸ்டெனஸ் கல்லுங்க, 10 நிமிஷம், ஆடு மேயுது, பெரிய கல்லு ஆளுக்கு மூணு மடங்கு ஒசரம். இங்க ஓடின் கல்லுன்னு நடுவுல ஓட்டை போட்ட ஒரு கல்லு இருந்துச்சாம், காதலிக்கிறவங்க அந்த ஓட்டை வழியா கைய கோத்து சத்தியம் பண்ணுவாங்களாம், 1814ல அங்க குத்தகைக்கு இருந்த ஒருத்தர் நிலத்துக்குள்ள ஆளுங்க வந்துட்டே இருக்காங்கன்னு எரிச்சல்ல அத ஒடச்சே போட்டுட்டாராம். இத சொல்லும்போது கைடு முகத்துல 200 வருஷம் கழிச்சும் கோவம் இருந்துச்சு.

அப்புறம்தான் கொடுமை. கிர்க்வால்ல ஒன்றரை மணி நேரம் "லஞ்ச் அண்ட் ஷாப்பிங்". செயின்ட் மேக்னஸ் கதீட்ரல் நல்லா இருக்கு, 1137ல ஆரம்பிச்சது, செவப்பும் மஞ்சளும் கலந்த கல்லு, 1919ல ஒரு தூணுக்குள்ள வெட்டுக்காயத்தோட மண்டை ஓடு கெடச்சிருக்கு, அது தலையில வெட்டிக் கொல்லப்பட்ட அந்த செயின்ட் மேக்னஸோடதுன்னுதான் சொல்றாங்க. அத பாக்க அரை மணி போதும். மீதி நேரம் கடை கடையா ஸ்வெட்டர் விலை பாத்துட்டு சுத்தினோம். லஞ்சுக்கு அங்க வெளையற ஒரு பழைய பார்லி மாவுல சுட்ட தட்டை ரொட்டி சாப்ட்டோம், அந்த பார்லிய 'பேர்' (bere)ன்னு சொல்றாங்க. வெண்ணெய் சீஸோட அருமை, சும்மா தின்னா தொண்டைய அடைக்கும்.

கடைசியா இத்தாலியன் சேப்பல். 1939 அக்டோபர்ல ஜெர்மன் நீர்மூழ்கி இங்க ஸ்காபா ஃப்ளோங்கற பிரிட்டிஷ் கடற்படைத் துறைமுகத்துக்குள்ள புகுந்து ராயல் ஓக்ங்கற போர்க்கப்பல மூழ்கடிச்சு 800 பேருக்கு மேல செத்ததுக்கப்புறம், கிழக்குப் பக்க வழிய அடைக்க சர்ச்சில் தடுப்புன்னு கான்கிரீட் போட்டாங்க, அந்த வேலைக்குக் கொண்டு வந்த இத்தாலி போர்க் கைதிங்க ரெண்டு தகரக் கொட்டகைய ஒண்ணா சேத்து கட்டினது இந்த சர்ச். உள்ள செங்கல், செதுக்கு வேலைன்னு தெரியறது பூரா பெயிண்ட், விளக்கு மாட்டற தாங்கி காலி கறி டின்ல செஞ்சது. கியோக்கெட்டிங்கற கைதிதான் வரைஞ்சது, 1960ல திரும்பி வந்து ரிப்பேரும் பண்ணிக் குடுத்துட்டுப் போயிருக்கார். அம்மா இங்க ரொம்ப நேரம் உக்காந்துட்டாங்க, கைடும் அவசரப்படுத்தல.

மேஸ்ஹோங்கற பழைய கல்லறை மேடு இந்த டூர்ல கிடையவே கிடையாது, இதான் என்னோட பெரிய புகார். அதுக்குத் தனியா முன்கூட்டியே டைம் ஸ்லாட் புக் பண்ணணும், அவங்க கைடோடதான் விடுவாங்க. நல்ல வேளை ரெண்டு நாள் தங்கினோம், மறுநாள் நாங்களா போனோம். சுமார் 10 மீட்டர் சுரங்கம், குனிஞ்சு போகணும். "முட்டி வலிக்கும்மா, நீ வெளிய இரேன்"னேன், "நீ முன்னாடி போடி"ன்னுட்டாங்க. உள்ள 12ஆம் நூற்றாண்டுல புகுந்த வைக்கிங் ஆளுங்க செவுரெல்லாம் தன் பேர செதுக்கி வெச்சிருக்கான், ஒருத்தன் ஒரு பொண்ணு அழகப் பத்தி எழுதிருக்கான், பஸ் ஸ்டாண்டு செவுரேதான். குளிர்காலத்துல பகல் ரொம்பச் சின்னதா இருக்கிற நாளுங்கள்ல சாயங்கால வெயில் அந்த சுரங்கம் வழியா உள்ள வந்து பின் செவுத்துல விழுமாம்.

ஃபெர்ரில காலைல வந்து சாயங்காலம் திரும்பறவங்களுக்கு இந்த டூர் பரவால்ல, வேற வழியும் இல்ல. ரெண்டு நைட் தங்க முடிஞ்சா கார் வாடகைக்கு எடுங்க, ரோடு காலியாத்தான் இருக்கு, அந்த கைடு பெரியம்மா மட்டும் கெடைக்க மாட்டாங்க. குடை எடுத்துட்டுப் போகாதீங்க, எங்களுது ஸ்டெனஸ்லயே கம்பி கம்பியா கழண்டு போச்சு, தொப்பி வெச்ச மழை ஜாக்கெட்தான் சரி.