70-200: நீளும் லென்ஸா, நீளாத லென்ஸா? திருகோணமலைக் காற்றுக்கு எது தோது

கல்யாண வீடு, சாமத்திய வீடு எடுக்கிற நம் ஊர்க்காரர்கள் கெனனின் புதிய வகை மிரர்லெஸ் கமராவுக்கு மாறியதும் முதலில் தடுமாறுவது 70-200 மில்லிமீற்றர் சூம் லென்ஸில்தான். கையிலிருக்கும், பழைய கமராவுக்கான ஈஎஃப் 70-200 எஃப்/2.8 மார்க் 2ஐ அடப்டர் போட்டு ஓட்டுவதா, விற்றுவிட்டு மிரர்லெஸ்ஸுக்கென்றே 2019இல் வந்த ஆர்எஃப் 70-200 எஃப்/2.8 வாங்குவதா? நான் பழையதையே வைத்துக்கொண்டேன். ஆர்எஃப்பைத் தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கிச் சில கல்யாணங்களில் பாவித்துப் பார்த்த பிறகுதான் இந்த முடிவு. அதனால் அது வருடக்கணக்கில் எப்படி உழைக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

படத் தரம் பற்றிச் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. அல்பம் அச்சாகி வந்த பின் எந்தப் படம் எந்த லென்ஸில் எடுத்தது என்று எனக்கே தெரியாது. அடப்டருக்குள் கண்ணாடி கிடையாது. லென்ஸ் பூட்டும் வாயிலிருந்து சென்சர் வரையான தூரத்தில் ஈஎஃப்புக்கும் ஆர்எஃப்புக்கும் உள்ள 24 மில்லிமீற்றர் வித்தியாசத்தை நிரப்பும் வெறும் குழல்தான் அது. என் ஆர்6 கமராவில் ஆளின் கண்ணைப் பிடித்து ஃபோகஸ் செய்வதில் ஒரு குறையும் காணவில்லை.

ஆர்எஃப்பின் அருமை தோளுக்குத்தான் தெரியும். அது 1070 கிராம். பழையது 1490, அடப்டர் வேறு. பைக்குள் நிமிர்த்தி வைக்கலாம். 0.7 மீற்றர் கிட்டப் போயும் ஃபோகஸ் ஆகும், பழையதற்கு 1.2 மீற்றர் வேண்டும். மணவறையில் ஐயருக்கும் வீடியோக்காரருக்கும் நடுவில் நின்று தாலியை நெருங்கி எடுக்கும்போது அந்த அரை மீற்றர் பெரிய விஷயம். மோட்டார்சைக்கிளில் கிண்ணியா, மூதூர் என்று ஓடுகிறவர் எடைக்காகவே ஆர்எஃப் வாங்கினால் நான் மறுத்துப் பேசமாட்டேன்.

என்னைத் தடுத்தது வேறொன்று. சூமை 200க்குத் திருகினால் ஆர்எஃப்பின் முன்குழல் வெளியே நீளும், 70க்கு வந்தால் உள்ளே போகும். ஈஎஃப் நீளாது, கண்ணாடிகள் உடம்புக்குள்ளேயே நகரும். மண்டபத்துக்குள் மட்டும் எடுக்கிறவருக்கு இது பொருட்டே இல்லை. பின்னேர வெயிலில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மாப்பிள்ளை பொம்பிளையை அலையோரம் நடக்கவிட்டு எடுக்கிற நமக்கு இதுதான் எல்லாம்.

அரை மணித்தியாலம் கடற்கரையில் நின்றுவிட்டு லென்ஸின் வெள்ளை உடம்பில் விரலை இழுத்துப் பாருங்கள், பிசுபிசுக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் மாவு தூவினாற்போல உப்பும் பொடிமணலும் தெரியும். ஈஎஃப் என்றால் வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியால் ஒருதரம் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொருதரம் துடைத்தால் வேலை முடிந்தது. ஆர்எஃப்பில் அந்தப் பூச்சு நீண்ட குழலிலும் படியும்; அதைத் துடைக்காமல் உள்ளே இழுக்கக் கூடாது. ஆனால் படம் எடுக்கும்போது யார் துடைப்பது? 70, 200, 70 என்று திருகிக்கொண்டே இருப்போம், குழலும் ஈரத்தோடு போய் வந்துகொண்டே இருக்கும். ஈரமும் தூசியும் புகாதபடி கெனன் இரண்டுக்கும் தடுப்புப் போட்டிருக்கிறது. இரவல் வாங்கியதற்குள் மணல் போனதை நான் காணவில்லை. இருந்தாலும் அந்தத் தடுப்பை ஒவ்வொரு பின்னேரமும் சோதிக்க எனக்கு மனமில்லை.

காற்றும் இங்கே ஒரே மாதிரி இல்லை. வாடை கடலிலிருந்து உப்பும் ஈரமும் கொண்டுவரும். கச்சான் தரைப்பக்கமிருந்து சூடும் புழுதியுமாக அடிக்கும். கச்சான் காலத்தில் கோணேசர் கோவிலடியில், இராவணன் வெட்டுப் பக்கம் நின்று எடுத்தவருக்குத் தெரியும், கண்ணுக்குள்ளேயே தூசி போகும்.

நீளாத லென்ஸுக்குப் பங்கஸ் (பூஞ்சணம்) பிடிக்காது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். காற்றே புகாத லென்ஸ் கிடையாது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் இரண்டுக்கும் ஒரே கதிதான். கமராப் பையின் ஸ்பொஞ்சுக்குள் மாரி முழுக்கத் தூங்கவிடாதீர்கள். றப்பர் வளையம் வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி போதும். 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். செம்மஞ்சள் ஜெல் பச்சையானால், சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் மெல்லிய நெருப்பில் சூடாக்கினால் நிறம் திரும்பும். கரண்ட் போனாலும் இந்தப் பெட்டி வேலை செய்யும்.

இன்னொன்று, பழையதில் 1.4 எக்ஸ்டெண்டர் போடலாம்; லென்ஸுக்குப் பின்னால் பூட்டி 1.4 மடங்கு கிட்டக் கொண்டுவரும் துண்டு அது. 280 வரை போகும். மக்கெய்சர் மைதானத்தில் விளையாட்டுப் போட்டி எடுக்கவும், சித்திரையில் திமிங்கிலம் பார்க்கப் படகேறும்போதும் எனக்கு உதவுவது அதுதான். இந்த ஆர்எஃப் எக்ஸ்டெண்டரை ஏற்காது. 2024இல் கெனன் விட்ட ‘இசட்’ வகை நீளவும் நீளாது, எக்ஸ்டெண்டரும் ஏற்கும். காசிருப்பவர் யோசிக்காமல் அதை வாங்கலாம். என் கணக்குக்கு அது எட்டாது.

விற்கும்போது ஆர்எஃப்தான் வெல்லும். ஈஎஃப் விலை இறங்கிக்கொண்டே போகிறது, உதிரிப்பாகமும் போகப் போகக் கஷ்டமாகும். ஆனால் அதே காரணத்தால்தான் பாவித்த ஈஎஃப் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. வாங்கும்போது பின்பக்கத்தால் டோர்ச் அடித்து, முன்பக்கத்தால் சரித்துச் சரித்துப் பாருங்கள். நூல் நூலாக வெள்ளை தெரிந்தால், எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம்; பங்கஸ் கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் கழுவினாலும் தழும்பு போகாது.

வாங்கிய பின் அடப்டரை லென்ஸோடேயே விட்டுவிடுங்கள். கமராவில் விட்டால், சபை நடுவில் ஆர்எஃப் 35 லென்ஸுக்கு மாறும் அவசரத்தில் கழற்ற இரண்டு பூட்டு, தேட இரண்டு மூடி. ஈஎஃப் லென்ஸ் இன்னொன்று இருந்தால் அதற்கும் தனி அடப்டர் எடுங்கள்.