ஓரம் வெட்டிய சிலிக்குவா வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

ரோமப் பேரரசின் பிற்கால வெள்ளிக்காசான சிலிக்குவா என்று 85 பவுண்டுக்கு ஒரு வார்ப்புப் போலியை (அசல் அச்சால் அடித்தது, இது உருக்கி ஊற்றியது) என் தலையில் கட்டிவிட்டார் ஒருவர். இங்கிலாந்தில் ஆன்லைனில் சிலிக்குவா வாங்குகிறவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

காசு ரோமப் பேரரசர் ஆர்க்கேடியஸுடையது, பின்பக்கம் உட்கார்ந்த ரோமா தேவி, கீழே அது அடிக்கப்பட்ட ட்ரியர் நகர அக்கசாலையின் குறி, ஓரம் சுற்றிலும் வெட்டுப்பட்டது. சஃபோக் வயலில் கிடைத்தது என்றார். ஓரம் வெட்டியிருப்பது பிரிட்டனில் சகஜம். 5ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் புதுக்காசு வரத்து நின்றுபோக, இருந்த காசின் விளிம்பைக் கத்தரித்து வெள்ளியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் புழக்கத்தில் விட்டார்கள், ராஜா முகத்தில் மட்டும் பெரும்பாலும் கை வைக்கவில்லை. 1992இல் சஃபோக்கின் ஹாக்ஸ்னில், தொலைந்த சுத்தியலைத் தேடப்போனவருக்குக் கிடைத்த புதையலில் 14,000க்கும் மேல் வெள்ளிக்காசுகள், அவற்றிலும் பெரும்பாலானவை இப்படித்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும், அதுதான் வினையாகப் போயிற்று.

முழுக் காசு சுமார் 2 கிராம் இருக்கும், இது 1.2. சரி, வெட்டியிருக்கிறதே. எழுத்து பாதி இல்லை, அதுவும் வெட்டியதால்தான். வார்ப்பில் வார்ப்புக்கூட்டின் இரு பாதி சேரும் இடத்தில், விளிம்போடு தெரியவேண்டிய ஒட்டுக்கோட்டையும் ராவிவிட்டு வெட்டு என்று சொல்லிவிடலாம், எவ்வளவு வசதி!

மூன்று வாரம் கழித்து அதே ஆள் இன்னொன்றை விற்பனைக்குப் போட்டார். அதே கன்னத்துக் கீறல், தலைக்குப் பின்னால் அதே இடத்தில் அதே கோணல் வெட்டு. ஒரே அச்சில் அடித்த காசுகளில் உருவம் ஒன்றாக இருக்கலாம், அச்சின் பழுதுகூட இரண்டிலும் வரலாம். ஆனால் 1,600 வருஷத்துக்கு முன் யாரோ கையால் கத்தரித்த விளிம்பு இரண்டு காசில் மயிரிழை பிசகாமல் எப்படி ஒத்துப்போகும்? அப்புறம்தான் லென்ஸை எடுத்தேன். பரப்பெல்லாம் குண்டூசி முனை அளவுக் குழிகள், எழுத்துகள் கரைந்த சோப்புக்கட்டி மாதிரி, இரண்டும் வார்ப்பின் அடையாளம். வாங்கிய அன்றே பார்த்திருக்கலாம், ஆசை கண்ணை மறைத்துவிட்டது. நகைக்கடையில் உரைத்துப் பார்த்தும் பிரயோஜனமில்லை, உலோகம் நிஜ வெள்ளி.

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். "ஒரே புதையல் சார், அதனால் ஒரே மாதிரி இருக்கும்" என்று ஒரு பதில், உடனே பிளாக். பணம் இன்னும் வரவில்லை, வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால் விற்பவரின் பழைய விற்பனைப் படங்களைத் தோண்டி, முகத்தை விட்டுவிட்டு விளிம்பை ஒப்பிட்டுப் பாருங்கள். நேற்று மூன்றாவதும் விற்பனைக்கு ஏறியிருக்கிறது, அதே கோணல் வெட்டு, விலை மட்டும் 10 பவுண்டு கூட.